மறுபக்கம் உனக்கு

எங்க அப்பா ஒரு தாளைச் சும்மா தூக்கிப் போட்டு நான் பார்த்ததே இல்ல. நோட்டீஸா, நாள்காட்டித் தாளா, மருந்துக்கடைச் சீட்டா, எதுவா இருந்தாலும் முதல்ல திருப்பித்தான் பார்ப்பாரு. பின்னாடி காலியா இருந்தா அது அவருக்கு. என் கல்யாணத்துக்கு அடிச்ச பத்திரிகையில மிச்சமானதை அம்மா அடுப்பு பத்த வைக்க எடுத்து வச்சிருந்தாங்க. "ஒரு பக்கம் பூரா வெள்ளையா கீது, கண்ணு தெரியலையா உனக்கு?"ன்னு அப்பா போட்ட சத்தத்துல, கல்யாணத்துக்கு வந்த சனமெல்லாம் இன்னாவோ ஏதோன்னு கொல்லைக்கு ஓடி வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி எனக்கு மானமே போச்சு.

அவரு ஆரம்பப் பள்ளி வாத்தியாரு. கூப்பிடறது நைனான்னுதான். எழுத உட்கார்ந்தா மட்டும் அப்பான்னு வருது. வாத்தியார் பொண்ணு, இன்னா பண்றது. வடக்குப்பட்டுக்கு இந்தப் பக்கம், ஒரகடம் ரோட்டை ஒட்டி எங்க வீடு. இப்ப அங்க போனா கம்பெனிச் சுவரும் கன்டெய்னர் லாரியும்தான். அப்போ ரோட்டுக்கு அந்தாண்ட கல் குவாரி, இந்தாண்ட நெல்லு. பள்ளிக்கூடம் விட்டு சைக்கிள்ல வந்ததும் அப்பா காபி குடிப்பாரு, கால் கழுவுவாரு, உட்கார்ந்து எழுதுவாரு. சின்னப் பத்திரிகைங்கள்ல அவரோட கதைங்க ஒண்ணு ரெண்டு வந்திருக்குது. ஊர்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சவனும் படிச்சதில்ல.

படிச்சது ஒரே ஒருத்தர். ஆசிரியர் பயிற்சியில அப்பாகூட ஒரே பெஞ்சுல உட்கார்ந்தவரு. அவரைப் பெத்தவங்க சிலோன் மலையில தேயிலைத் தோட்டத்துக் கூலிங்க. படிக்கறதுக்காக இங்க மாமன் வீட்டுக்கு வந்தவரு, படிப்பு முடிஞ்சதும் திரும்பிப் போயி தோட்டத்துப் பள்ளிக்கூடத்துலேயே வாத்தியாரு ஆயிட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சியப் பார்த்துக்கவே இல்ல. கடுதாசிதான். நாங்க அவரை சிலோன் பெரியப்பான்னு சொல்வோம். ஒரு போட்டோ கூட எங்ககிட்ட கிடையாது, கையெழுத்து மட்டும் பத்து அடி தூரத்துல இருந்து பார்த்தாலும் தெரியும்.

அவரு ஒரு வேலை பண்ணுவாரு. அப்பாவோட தாள் பைத்தியம் அவருக்கு நல்லாத் தெரியுமில்ல? அதனால தோட்டத்து ஆபீஸ்ல இருந்து வழவழன்னு நல்ல தாளா வாங்கி, ஒரு பக்கம் மட்டும் எழுதுவாரு. எவ்வளவு நீளக் கடுதாசியா இருந்தாலும் சரி, பின்பக்கத்துல பேனா படாது. முடிக்கறப்போ பேருக்குக் கீழே ஒரு வரி போடுவாரு, "மறுபக்கம் உனக்கு"ன்னு. அந்த மறுபக்கத்துலதான் எங்க அப்பா தன்னோட நாவலை எழுதினாரு.

கல்லுடைக்கிற ஒரு பொம்பளையோட கதை. அப்பா சைக்கிள்ல போற வழியில தினமும் பார்த்த குவாரி சனங்க. ஒரு அத்தியாயம் முடிஞ்சா அதை அழகா நகல் எடுத்து சிலோனுக்கு அனுப்புவாரு. அங்க இருந்து பதில் வரும், அந்த அத்தியாயத்தைப் பிச்சு உதறி. அந்தப் பதிலுக்குப் பின்னாடியே அடுத்த அத்தியாயம் எழுதுவாரு. ஒருதடவை அந்தப் பொம்பளையை குவாரி வெடியில சாகடிச்சிட்டாரு. சிலோன் பெரியப்பா தாள் பூரா திட்டி எழுதியிருந்தாரு: "அவள் என்ன உனக்குக் கடன்காரியா? கதை முடியவில்லை என்றால் பொம்பளையைக் கொன்றுவிடுவதா? எழுப்பு அவளை." தாளைத் திருப்பினா, அவ எழுந்திருச்சு ஆஸ்பத்திரியில கஞ்சி குடிக்கறா. நான் சின்ன வயசுல அந்தத் தாளை அப்பாவுக்குத் தெரியாம எடுத்து எடுத்துப் படிச்சு, ரெண்டு பக்கத்தையும் மாத்தி மாத்திப் பார்த்துச் சிரிப்பேன்.

எண்பத்து மூணு கலவரத்துல அவரு இருந்த குவார்ட்டர்ஸைக் கொளுத்திட்டாங்க. உயிரு தப்பிச்சிட்டாரு. ரொம்ப நாள் தகவலே இல்லாம இருந்து, கடைசியா ஒரு தாள் வந்துச்சு. அது நல்ல தாள் இல்ல, ஏதோ பள்ளிக்கூட நோட்டுல கிழிச்சது. "நீ அனுப்பிய நகல்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. இனி உன்னிடம் இருப்பதுதான் கதை. பத்திரம்." கீழே எப்பவும் போல அதே வரி. அந்த நெலமையிலயும் அந்த மனுஷன் பின்பக்கத்தைத் தொடல. அப்பா நாள் கணக்கா அதைத் தொடாம வச்சிருந்து, அப்புறம் அதுக்குப் பின்னாடிதான் கடைசி அத்தியாயத்தை எழுதி முடிச்சாரு. கொஞ்ச காலத்துல சிலோன் பெரியப்பா தவறிட்டாருன்னு அவங்க பள்ளிக்கூடத்துல இருந்து யாரோ ரெண்டு வரி எழுதினாங்க.

வேற நகல் எடுத்து வச்சிருக்கக் கூடாதான்னு கேப்பீங்க. எல்லாரும்தான் கேட்டாங்க. அப்பாவுக்கு அப்போ ரெண்டு கண்ணுலயும் புரை. நான் ஸ்ரீபெரும்புதூர் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துக்கினு போனேன். மெஷின்ல வச்சா, மெல்லிசுத் தாளு, பின்பக்க மையும் சேர்ந்து விழுந்துடுச்சு. நண்பன் எழுதினதும் அப்பா எழுதினதும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, கரிக்கோடாட்டம் வந்துச்சு. கடைக்காரரு, "இன்னாம்மா இது, ரெண்டு பேரு சண்டை போட்ட மாதிரி கீது"ன்னாரு.

இனிமே இதுக்கு ஒரே வழிதான்னு ஆச்சு. மெட்ராஸ்ல பழைய கடுதாசி, எழுத்தாளருங்களோட கையெழுத்துப் பிரதி எல்லாம் சேர்த்து வைக்கிற ஒரு காப்பகம். அப்பாவே எழுதிக் கேட்டாரு. தொண்ணூத்தியொண்ணு பொங்கல் முடிஞ்சு அங்க இருந்து ஒருத்தரு வந்தாரு. கதர் ஜிப்பா, தோள்ல ஜோல்னாப் பை. பையில இருந்து வெள்ளைத் துணிக் கையுறை எடுத்து மாட்டிக்கினு, ஒவ்வொரு தாளா எடுத்து, திருப்பி, மறுபடியும் திருப்பி. அவரு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

"ஐயா, நான் எத்தனையோ பிரதி பார்த்திருக்கேன். ஒரே தாள்ல வாசகனும் எழுதினவனும் முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு இருக்கறத இப்பதான் பார்க்கறேன். பொக்கிஷம் ஐயா இது!"

எங்க அப்பா மூஞ்சியை அன்னிக்குப் பார்க்கணுமே. அறுபது தாண்டின மனுஷன், பரீட்சையில பாஸான பையனாட்டம் வெக்கப்பட்டுச் சிரிச்சாரு. பீரோவுல இருந்து புது வேட்டி ஒண்ணை எடுத்து, எல்லாத் தாளையும் அதுல வச்சு மூட்டை கட்டி, "எடுத்துக்கினு போங்க"ன்னு நீட்டினாரு.

அந்த ஆளு கையுறையைக் கழட்டிட்டாரு. "இப்ப எடுத்துக்க முடியாதுங்க ஐயா. கமிட்டி கூடி ஒப்புதல் குடுக்கணும். ஜூன்ல கூடுவாங்க. அதுவரைக்கும் உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்."

பொக்கிஷமாம், பத்திரமா வச்சுக்கணுமாம்! பொக்கிஷத்தை எவனாவது விட்டுட்டுப் போவானா? அம்மா போட்டுக் கொடுத்த டிபனைச் சாப்பிட்டுட்டு அந்த ஆளு பஸ் ஏறினாரு. அப்பா அந்த வேட்டி மூட்டையை அவிழ்க்கவே இல்ல. அப்படியே பீரோ மேல வச்சாரு. எந்த நாள் கூப்பிட்டாலும் போகத் தயாரா இருக்கட்டும்னு.

அந்த மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல நடந்தது ஒலகத்துக்கே தெரியும், நான் எழுத வேண்டியதில்ல. நான் அப்போ குன்றத்தூர்ல இருந்து, லீவுக்குக் குழந்தைங்களோட அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரே நாள்ல எங்க பக்கத்து சனத்துக்கு வாய் அடைச்சுப் போச்சு. எங்க பார்த்தாலும் ஜீப்பு. பஸ்ஸை நிறுத்திப் பையைக் கொட்டிப் பார்த்தாங்க. யாரு வீட்டுக்கு யாரு வந்தா, எப்ப வந்தான்னு கேள்வி. அந்தக் கேள்வியை விட டீக்கடையில பேசினதுதான் பயங்கரம். அந்த ஊர்ல ஒருத்தன் வீட்டுல வெளிநாட்டு ஸ்டாம்பு இருந்துச்சாம், அள்ளிக்கினு போயிட்டாங்களாம். எந்த ஊருன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. எதிர்வீட்டுக்காரரு, சிலோன் ரேடியோ எடுக்குதேன்னு பயந்து, தன்னோட டிரான்சிஸ்டரை வைக்கப்போருக்குள்ள ஒளிச்சு வச்சாரு. மாடு அதை மோந்து மோந்து பார்த்துச்சு. நான் சிரிச்சேன். அடுத்தது எங்க வீடுன்னு எனக்குத் தெரியாதே.

அண்ணன் மறைமலை நகர்ல ஒரு கம்பெனியில வேலை. அன்னிக்கு அவருக்கு நைட் ஷிஃப்ட். ஓ.டி.ன்னு காலையிலயே போனவரு, மதியத்துக்குள்ள திரும்பி வந்துட்டாரு. செருப்பைக் கூடக் கழட்டல.

"நைனா, அந்த சிலோன் கடுதாசிங்க எங்க கீது?"

"பீரோ மேல. காப்பகத்துக்குப் போற மூட்டை. ஏன்டா?"

"காப்பகமும் வாணாம், ஒண்ணும் வாணாம். எங்க லைன்ல ஒருத்தன் சிலோன் குடும்பத்தை வாடகைக்கு வச்சிருந்தான். விசாரணைக்கு இட்டுகினு போனாங்க, இன்னும் டூட்டிக்கு வரல. சூப்பர்வைசர் என்னைக் கூப்ட்டு கேக்கறாரு, உங்க வூட்ல அந்த மாதிரி தொடர்பு எதுனா கீதான்னு. இல்லவே இல்ல சார்னு சொல்லிட்டு, ஓ.டி.க்கு பர்மிஷன் போட்டு ஓடியாந்துக்கிறேன். இன்னிக்கே இதை ஒழிக்கணும்."

"ஒழிக்கணும்னா?"ன்னேன் நான்.

"கொளுத்தணும்."

எனக்கு வந்துச்சே கோவம். "அறிவு கீதா உனக்கு? அது தோட்டத்து வாத்தியார் எழுதினது. சண்டை நடக்கற இடம் வேற, அவங்க இருக்கற மலை வேற. அந்த மனுஷன் செத்தே போயிட்டாரு!"

"அந்த வித்தியாசம் போலீசுக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது. ஒவ்வொரு தாள்லயும் மேல சிலோன்னு எழுதிக்கீது. அதான் தெரியும்."

"மேல மட்டும் கத்தரிச்சுட்டா?"

"உள்ள மட்டும் இன்னா எழுதிக்கீது? வெடி, மருந்து, குவாரி. பின்னாடி திருப்பிப் பார்த்தா பக்கத்துக்குப் பக்கம் வெடிதான். எவன்கிட்ட போய், சார் அது கதை சார்னு சொல்லுவ?"

அந்தக் கதையை அண்ணன் படிச்சிருக்காருன்னே அப்பதான் எனக்குத் தெரியும்.

குன்றத்தூருக்கு நான் எடுத்துக்கினு போறேன்னேன். வழியில பையைக் கொட்டினா புள்ளைங்களோட மாட்டுவேன்னாரு. மண்ணுல புதைக்கலாம்னேன். நம்ம மண்ணுல கறையான் ஒரு மாசம் விட்டு வைக்காது, எல்லாருக்கும் தெரியும். அப்பா எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கினு நின்னாரு. நான் செருப்பை மாட்டிக்கினு ரோட்டுக்கு ஓடினேன். எஸ்.டி.டி. பூத்துல இருந்து அந்தக் காப்பகத்துக்குப் போன் போட்டேன். அதே ஜிப்பாக்காரருதான் எடுத்தாரு.

"இன்னிக்கே வந்து எடுத்துக்கினு போயிடுங்க சார். இல்லன்னா கொளுத்திடுவாங்க"ன்னு கத்தினேன்.

அவரு மெதுவா, "அம்மா, கமிட்டி இன்னும் கூடல. அதுவும் இப்ப இருக்கற சூழ்நிலையில இலங்கைக் கடிதம்னா, எங்களுக்கும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு. நிலைமை சரியாகட்டும், பேசிக்கலாம்"ன்னாரு.

போனை வச்சிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். பேனாவும் கையுறையும் வச்சிருக்கறவனே இப்படின்னா, ஷிஃப்ட்டு வேலை பார்க்கறவனை நான் எந்த வாயால திட்டறது?

நான் திரும்பி வந்தப்போ அண்ணன் அப்பா கால்ல விழுந்து கிடந்தாரு. "எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க நைனா. இந்த வேலை பூட்ச்சுன்னா நான் எங்க போவேன்? உங்களை இட்டுகினு போனா இந்த வயசுல தாங்குவீங்களா?" பெரிய ஆளு, மீசை வச்ச ஆளு, குலுங்கிக் குலுங்கி அழறாரு. அவரு நடிக்கல. அதைத்தான் இன்னிக்கு வரைக்கும் என்னால மன்னிக்க முடியல. நடிச்சிருந்தா ஒரு அறை விட்டுட்டு மூட்டையைத் தூக்கிக்கினு போயிருப்பேன்.

அப்பா குனிஞ்சு அவரு தலையைத் தொட்டாரு. "எழுந்திருடா. நானே பண்றேன்."

கொல்லையில வெந்நீர் அடுப்பு. வெறும் அடுப்புல புகை வந்தா, கத்திரி வெயில்ல இன்னாத்துக்கு இந்த நேரத்துல நெருப்புன்னு அக்கம்பக்கம் கேக்கும்னு, அம்மா அண்டா நிறையத் தண்ணி ஊத்தி வச்சாங்க. அப்பா ஒரு முக்காலியைப் போட்டு அடுப்பு முன்னாடி உட்கார்ந்தாரு. வேட்டி மூட்டையை மடியில வச்சு அவிழ்த்தாரு. அண்ணன், மொத்தமா போட்டுடுங்க நைனான்னாரு. அப்பா காதுலயே வாங்கல.

ஒவ்வொரு தாளா எடுத்தாரு. முன்பக்கம் படிச்சாரு. திருப்பினாரு. பின்பக்கம் படிச்சாரு. புரை விழுந்த கண்ணு, மூக்குக்கிட்ட வச்சுத்தான் படிக்க முடியும். படிச்சு முடிச்சதும் அடுப்புல வச்சாரு. அடுத்த தாள். முன்பக்கம், பின்பக்கம், அடுப்பு. நடுவுல ஒரு தாளைப் படிச்சு லேசாச் சிரிச்சாரு. அவளை எழுப்புன்னு எழுதின தாளுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவ கஞ்சி குடிக்கறதைப் படிச்சிட்டுத்தான் அதையும் வச்சாரு. நான் சுவத்துல தலையை முட்டிக்கினு அழுதேன். அம்மா தென்னை மட்டையை ஒடிச்சு ஒடிச்சுக் குடுத்துக்கினே இருந்தாங்க. தண்ணி கொதிக்க ஆரம்பிச்சுடுச்சு.

கடைசியா அந்த நோட்டுத் தாள். பத்திரம்னு எழுதின தாள். அப்பா அதைப் படிச்சாரு, திருப்பினாரு, படிச்சாரு. மறுபடியும் திருப்பினாரு. அடுப்புக்கிட்ட கையைக் கொண்டு போயிட்டு, திரும்ப மடியில வச்சுக்கினாரு.

"அது ஒண்ணுதானே, இருக்கட்டும் அண்ணே"ன்னேன்.

அப்பாதான் சொன்னாரு, "ஒண்ணு மட்டும் இருந்து இன்னாம்மா பண்ணும்?" சொல்லிட்டு வச்சாரு. அங்க சிலோன் பெரியப்பா கூரையை வேத்து ஆளு கொளுத்தினான். இங்க நாங்களே உட்கார்ந்து, மட்டை ஒடிச்சுப் போட்டு, பொறுமையாக் கொளுத்தினோம்.

அப்பா எழுந்திருச்சு, அந்த வெறும் வேட்டியை உதறி மடிச்சு உள்ள எடுத்துக்கினு போனாரு. அம்மா அண்டாவைப் பார்த்தாங்க. தண்ணி தளதளன்னு கொதிக்குது.

"இவ்ளோ வெந்நீரு வீணாப் பூடும். ஷிஃப்ட்டுக்குப் போறதுக்குள்ள குளிச்சிட்டுப் போடா"ன்னாங்க.

அண்ணன் அந்தத் தண்ணியை மொண்டு, பச்சைத் தண்ணி விளாவி, குளிச்சாரு. சோப்புப் போட்டுக் குளிச்சாரு. தலை துவட்டிக்கினு, யூனிஃபார்ம் மாட்டிக்கினு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கினு கம்பெனி பஸ்ஸுக்குப் போயிட்டாரு. எங்க அப்பா ஆயுசு பூரா எழுதின ஒரே நாவல், ஒரு ஆளு குளிக்கறதுக்குச் சரியா இருந்துச்சு.

போலீஸ் வந்தாங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு. ஒரு ஏட்டய்யா, கூட ஒரு கான்ஸ்டபிள். வாசல்ல நின்னு, வாடகைக்கு யாராச்சும் கீறாங்களா, புது ஆளுங்க யாராச்சும் வந்தாங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னோம். அம்மா மோர் குடுத்தாங்க. குடிச்சிட்டு ஏட்டய்யா உள்ள எட்டிப் பார்த்தாரு. அலமாரியில புஸ்தகம் அடுக்கியிருக்கறதைப் பார்த்துட்டு, "வாத்தியாருங்களா?"ன்னாரு. அப்பா ஆமான்னாரு. "நம்ம பையன் பத்தாவதுல தமிழ்ல கோட்டை விட்டுட்டாங்க. மறுபடியும் எழுதணும். கொஞ்சம் சொல்லிக் குடுப்பீங்களா சார்?"

அவ்வளவுதான். அண்ணன் பயந்த பூதம் அவ்வளவுதான். பீரோ மேல யாரும் கையை வைக்கல. நான் உள்ள போயி, வாயில புடவையை அடைச்சுக்கினு, சிரிக்கறனா அழறனான்னு எனக்கே தெரியாம கிடந்தேன்.

அப்பா அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தாரு. அவன் பாஸ் பண்ணான், ஸ்வீட் எடுத்துக்கினு வந்தான். ஆனா அதுக்கப்புறம் அப்பா ஒரு வரி எழுதி நான் பார்க்கல. அம்மா மனசு கேக்காம, யாரோ குடுத்த கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிக் காட்டி, "பின்னாடி பூரா வெள்ளையா கீது பாருங்க"ன்னாங்க. "அடுப்புக்கு வச்சுக்கோ"ன்னாரு. அம்மா அன்னிக்குத்தான் அழுதாங்க. கொல்லையில மட்டை ஒடிச்சுக் கொடுத்தப்போ அழாதவங்க.

அண்ணனோட நான் ரொம்ப காலம் பேசல. அவரு காப்பாத்திக்கின வேலையும் நிலைக்கல. சில வருஷத்துல அந்தக் கம்பெனியே மூடிட்டுப் போயிடுச்சு. ஒரகடத்துல புதுசு புதுசா வந்த கம்பெனி ஒண்ணுல, கேட்டுல செக்யூரிட்டியா நின்னாரு. அப்பா செத்தப்போ கொள்ளி வச்சுட்டு வந்து, என் பக்கத்துல உட்கார்ந்து, "எனக்குப் புடிச்ச கதை அது. தெரியுமா உனக்கு?"ன்னாரு. நான் எழுந்து போயிட்டேன்.

போன வருஷம் எனக்கு ஒரு போன். அந்தக் காப்பகத்துல இருந்து ஒரு பொண்ணு, இளங்குரல். பழைய கோப்பெல்லாம் பட்டியல் போட்டுக்கிட்டு இருக்காங்களாம். "உங்க அப்பா கையெழுத்துல எங்ககிட்ட ஒண்ணு இருக்குதும்மா. வந்து பார்க்கறீங்களா?"

கையெழுத்துல ஒண்ணு! சிலோனுக்குப் போன நகல்ல ஒண்ணு தப்பிச்சிருக்குமோ? அந்த ஜிப்பாக்காரரு அன்னிக்கே சொல்லாம கொள்ளாம ஒரு தாளை உருவிக்கினு போயிருப்பாரோ? திருடியிருந்தா அந்த ஆளு கால்ல விழலாம்னு நெனச்சேன். மூட்டு வலியோட பஸ் மாறி மாறிப் போனேன். வழி பூரா அவளை எழுப்பு, அவளை எழுப்புன்னு மனசுக்குள்ள ஓடிக்கினே இருந்துச்சு.

ஏ.சி. போட்ட அறை. பேனா உள்ள கொண்டு போகக் கூடாது, பென்சில் மட்டும்தான். அந்தப் பொண்ணு வெள்ளைக் கையுறை மாட்டிக்கினு, அட்டைப் பெட்டியைத் திறந்து, ஒரு கண்ணாடிக் காகித உறையை என் முன்னாடி வச்சுது. உள்ள ஒரு தாள். எங்க அப்பா எழுத்து.

"அன்புள்ள ஐயா, வணக்கம். தாங்கள் பார்வையிட்ட தாள்கள் இப்போது என்னிடம் இல்லை. பெரிய மதிப்புள்ளவை அல்ல என்று கருதி நானே அப்புறப்படுத்திவிட்டேன். இதில் என் வீட்டார் யாருக்கும் பங்கில்லை. ஆகவே தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். வேறு யாரிடமிருந்தாவது இத்தகைய தாள்கள் கிடைத்தால், காலம் தாழ்த்தாமல் வாங்கிக்கொள்ளுங்கள்."

கீழே கையெழுத்து. அந்த ஜூன் மாசத் தேதி.

இதைத்தான் பத்திரமா வச்சிருக்காங்க. பூச்சி அரிக்காம, ஈரம் படாம, நம்பர் போட்டு. என்னிடம் ஒன்றும் இல்லைன்னு அவரு எழுதினதை மட்டும்.

"நல்ல நிலையில இருக்குது பாருங்கம்மா. மடிப்பு கூடக் கிழியல"ன்னு அந்தப் பொண்ணு சந்தோஷமாச் சொல்லிச்சு. அது பாவம், அப்போ பொறந்தே இருக்காது. அதுகிட்ட கத்தி இன்னா ஆவப் போவுது?

"பின்னாடி திருப்பிக் காட்டும்மா"ன்னேன்.

"பின்னாடி ஒண்ணும் இல்லீங்களே."

"பரவால்ல, திருப்பு. எங்க அப்பா தாளு அது. பின்னாடி எதுனா எழுதியிருப்பாரு."

பொறுமையாத் திருப்பிச்சு. நான் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கினு, குனிஞ்சு, மூக்குக்கிட்ட கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்ல. மருந்துச் சீட்டைக் கூட விட்டு வைக்காத மனுஷன், ஒரு முழுத் தாளை எடுத்து, ஒரு பக்கம் எழுதி, மறுபக்கத்தை அப்படியே விட்டிருக்காரு.

அந்தப் பொண்ணு பட்டியலைத் திருப்பி எனக்குக் காட்டிச்சு. அப்பா பேரு, ஊரு, தேதி, தாள் ஒண்ணு. அதுக்குப் பக்கத்துல அழகாத் தட்டச்சுப் பண்ணியிருந்தாங்க: பின்பக்கம் வெற்று.